நட்டம் யார் தலையில்? பணியில் நேரும் பிழையும் வேலை போகும் அச்சமும்

வேலை பார்க்கும் இடத்தில் ஒருவர் தெரியாமல் செய்த பிழையால் பெரும் பணம் போய்விடுகிறது. அந்த நட்டத்தை யார் சுமப்பது? பிழை செய்தவர் வேலையில் நீடிக்கலாமா? இவை இரண்டு தனித்தனிக் கேள்விகள். நடைமுறையில் இரண்டையும் ஒன்றாகவே குழைத்துவிடுகிறோம். பணத்தைக் கட்டினால் வேலை இருக்கும், கட்டாவிட்டால் போகும் என்பதே பல அலுவலகங்களில் எழுதாத விதி. இந்தக் குழப்பத்துக்கு நீண்ட வரலாறு உண்டு. அதிலிருந்து வெளியேறும் வழிகளைத் தேடியவர்களும் பலர்.

கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் உளுந்தூர்பேட்டை, திருநாவலூர், களமருதூர் வட்டாரத்தை எடுத்துக்கொண்டால் கேள்வி தெளிவாகும். பெரிய தொழிற்சாலைகள் அதிகம் இல்லாத, நெல்லும் கரும்பும் விளையும் பகுதி இது. இங்கே மாதச் சம்பளம் என்றால் பெரும்பாலும் நேரடி நெல் கொள்முதல் நிலையம், ரேஷன் கடை, கூட்டுறவுக் கடன் சங்கம், அரசுப் பேருந்து, மூங்கில்துறைப்பட்டிலும் கச்சிராயபாளையத்திலும் உள்ள கூட்டுறவு சர்க்கரை ஆலைகள் ஆகியவற்றில் கிடைக்கும் வேலைதான். இவை எல்லாவற்றிலும் ஊழியரின் கையில் இருப்பது ஊரார் பொருள் அல்லது ஊரார் பணம். எடையில், கணக்கில், சில்லறையில் எங்கே குறைந்தாலும் அது உடனே ஓர் ஆளின் பெயரில் ஏறும். மெமோ, ரெக்கவரி, சஸ்பெண்ட், 17பி (கடும் தண்டனைக்கு வழி செய்யும் குற்றச்சாட்டுக் குறிப்பாணை) ஆகிய சொற்கள் இந்த வீடுகளில் சாப்பாட்டு நேரத்திலும் புழங்குவதற்கு அதுவே காரணம்.

பழைய விடைகள்

அரசு ஊழியரின் கவனக்குறைவால் கருவூலத்துக்கு நட்டம் வந்தால் என்ன செய்வது என்று கௌடில்யரின் அர்த்தசாஸ்திரம் இரண்டாம் அதிகரணத்தில் விரிவாகப் பேசுகிறது. அறியாமை, சோம்பல், அசட்டை, அச்சம், ஆசை என்று நட்டத்தின் காரணங்களை அது முதலில் பிரித்து அடுக்குகிறது. பிறகு தனக்கு முந்தையவர்களின் கருத்துகளைச் சொல்கிறது. காரணங்களின் வரிசைப்படி தண்டம் ஏறிக்கொண்டே போக வேண்டும் என்றது மனுவின் மரபு. எதுவானாலும் எட்டு மடங்கு என்றது பராசரர் மரபு. பிருகஸ்பதி மரபு பத்து மடங்கு கேட்டது, உசனஸ் மரபு இருபது மடங்கு. குற்றத்தின் தன்மைக்கு ஏற்பத்தான் தண்டம் என்று கௌடில்யர் முடிக்கிறார். மடங்குக் கணக்கைப் பிடித்தவர்களுக்கும் தன்மையைப் பார்க்கச் சொன்னவர்களுக்கும் இடையிலான இந்த வழக்கு இன்றும் தீரவில்லை.

தமிழகத்தில் கிடைக்கும் சான்று வேறு வகை. முதலாம் பராந்தகன் காலத்தில், 919, 921 ஆண்டுகளில் பொறிக்கப்பட்ட உத்திரமேரூர் கல்வெட்டுகள், வாரியங்களில் பொறுப்பு வகித்துக் கணக்குக் காட்டாதவர்களைக் குடவோலைத் தேர்வுக்கு நிற்கத் தகுதியற்றவர்கள் ஆக்கின. அவர்களுடைய நெருங்கிய உறவினர்களுக்கும் அதே தடை. நட்டம் வந்ததைவிடக் கணக்கை மறைத்ததையே பெரிய குற்றமாக அந்தச் சபை கண்டது என்று இதைப் படிக்க இடமிருக்கிறது. உறவினர்களையும் சேர்த்துத் தண்டித்தது இன்றைய நியாயத்துக்கு ஒவ்வாது.

திருக்குறள் இரண்டு பக்கமும் பேசுகிறது. வெருவந்த செய்யாமை அதிகாரம் தக்கபடி ஆராய்ந்து, மீண்டும் நேராத அளவுக்குத் தண்டிப்பதை அரசனின் கடமையாக வைக்கிறது. தெரிந்துதெளிதல், தெரிந்துவினையாடல் அதிகாரங்களோ பொறுப்பை அமர்த்தியவர் பக்கம் திருப்புகின்றன. ஆராயாமல் ஆளைத் தேர்வதும், தேர்ந்த பிறகு ஐயப்படுவதும் தீராத துன்பம் தரும் என்கிறார் வள்ளுவர். வேலைக்கு ஆள் எடுப்பவரின் பொறுப்பைப் பற்றிய இந்த எச்சரிக்கை, பிழை விசாரணைகளில் மிக அரிதாகவே நினைவுகூரப்படுகிறது.

சம்பளத்தில் பிடிப்பது

நவீனச் சட்டம் முதலில் கைவைத்தது சம்பளப் பிடித்தத்தில். தொழிற்புரட்சிக் கால ஆலைகளில் நூல் அறுந்ததற்கும் துணி கெட்டதற்கும் முதலாளிகள் இஷ்டப்படி அபராதம் போட்டார்கள். பிரிட்டன் 1896இல் ஒரு சட்டம் கொண்டுவந்து அதைக் கட்டுப்படுத்த முயன்றது. இந்தியாவில் 1929இல் அமைக்கப்பட்ட தொழிலாளர் அரச ஆணையம் 1931இல் அளித்த அறிக்கை இதே குறையைக் காட்டியது. 1936ஆம் ஆண்டின் ஊதியப் பட்டுவாடாச் சட்டம் அதன் விளைவு.

அந்தச் சட்டம் வைத்த நிபந்தனைகள் இன்றும் படிக்கத் தக்கவை. ஊழியரின் பாதுகாப்பில் வெளிப்படையாக ஒப்படைக்கப்பட்ட பொருளாகவோ அவர் கணக்குச் சொல்ல வேண்டிய பணமாகவோ இருக்க வேண்டும். நட்டம் நேரடியாக அவருடைய அசட்டையால் வந்ததாக இருக்க வேண்டும். நட்டத்தின் அளவுக்கு மேல் பிடிக்கக் கூடாது. எல்லாவற்றுக்கும் முன்னால் அவரிடம் விளக்கம் கேட்க வேண்டும். பொதுவாக எல்லாப் பிடித்தங்களும் சேர்ந்து சம்பளத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. இதே ஏற்பாடுகளை 2019ஆம் ஆண்டின் ஊதியச் சட்டத் தொகுப்பும் தொடர்கிறது. பிரிட்டனில் 1986இல் சில்லறைக் கடை ஊழியர்களுக்குத் தனிக் காப்பு வந்தது. கல்லாவிலோ சரக்கிலோ குறைவு வந்தால் ஒரு சம்பளத் தேதியில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் பிடிக்க முடியாது. நம் 50 விழுக்காட்டோடு ஒப்பிட்டால் வேறுபாடு புரியும்.

பிழை செய்தவரே கட்டட்டும் என்ற நிலைப்பாட்டின் பலம் அதன் எளிமை. பொதுப்பணம் திரும்பக் கிடைக்கிறது, மற்றவர்களும் கவனமாக இருப்பார்கள் என்று அதன் ஆதரவாளர்கள் சொல்கிறார்கள். இதன் பலவீனத்தைப் பார்க்க நெல் கொள்முதல் நிலையத்தைவிடப் பொருத்தமான இடம் இல்லை.

1972இல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு நுகர்பொருள் வாணிபக் கழகத்தின் கொள்முதல் நிலையத்தில் நெல்லுக்கு அனுமதிக்கப்பட்ட ஈரப்பதம் 17 விழுக்காடு. மழை பெய்த பருவங்களில் தளர்வு கேட்கப்படுகிறது, சில ஆண்டுகளில் மத்திய அரசு தந்தும் இருக்கிறது. 17 விழுக்காடு ஈரத்தில் எடை போட்ட 40 கிலோ சிப்பம், வெயிலில் கிடந்து 14 விழுக்காட்டுக்குக் காய்ந்தால் 38.6 கிலோவாகிவிடும். ஒரு மணிகூடச் சிந்தாமல், ஒருவரும் திருடாமல், 1.4 கிலோ காற்றில் போகிறது. 20 விழுக்காட்டில் வாங்கிய நெல் என்றால் இழப்பு 2.8 கிலோ. ஆயிரம் சிப்பம் தேங்கிய ஒரு நிலையத்தில் முதல் கணக்கின்படி ஏறத்தாழ 1,400 கிலோ குறையும். 2025-26 பருவத்தில் பொது ரக நெல்லுக்கு ஊக்கத்தொகை சேர்த்து அறிவித்த குவிண்டால் விலை 2,500 ரூபாய். அதன்படி கிட்டத்தட்ட 35,000 ரூபாய்.

லாரி எப்போது வரும் என்பது நிலையத்தில் நெல்லுக்குப் பட்டியல் போடும் எழுத்தரின் கையில் இல்லை. கிடங்கில் இடம் இருக்கிறதா என்பதும் அவர் கையில் இல்லை. தார்ப்பாய் போதாமல் நனைந்த நெல் முளைத்தாலும், போதிய வெயிலில் காய்ந்து எடை குறைந்தாலும், கையெழுத்துப் போட்டவர் அவர்தான். எடைக்குறைவை ஊழியரிடம் வசூலிப்பதை எதிர்த்துச் சங்கங்கள் தொடர்ந்து குரல் கொடுப்பது இதனால்தான். எவ்வளவு குறைவை இயற்கையானதாக ஏற்பது, எந்தத் தேதியிலிருந்து தாமதத்துக்குப் போக்குவரத்தை ஏற்பாடு செய்பவர் பொறுப்பு என்பதே உண்மையான தகராறு. அதைத் தீர்க்காமல் போடும் ரெக்கவரி நட்டத்தை ஈடுசெய்யலாம். காரணத்தைத் தொடுவதில்லை. அதற்கும் மேலே ஒரு தீங்கு உண்டு. பின்னால் கட்ட வேண்டியிருக்கும் என்று அஞ்சுகிறவர், முன்னாலேயே விவசாயியின் எடையில் கூடுதலாகப் பிடிக்கத் தூண்டப்படுகிறார். நட்டம் கடைசியில் களத்துமேட்டில் நிற்பவரின் தலையில் இறங்குகிறது.

ரேஷன் கடைகளிலும் சிக்கல் இதே சாயல்தான். மூட்டையில் வரும் எடைக்கும் கடையில் விற்கும் எடைக்கும் இடையே சாக்கும் சிதறலும் இருக்கின்றன. சரியான எடையில் பொட்டலமாகப் பொருள் வேண்டும் என்பது விற்பனையாளர்களின் நெடுநாள் கோரிக்கை. பெரும்பாலான கடைகளை நடத்துபவை கூட்டுறவுச் சங்கங்கள். 1983ஆம் ஆண்டின் தமிழ்நாடு கூட்டுறவுச் சங்கங்கள் சட்டத்தின் 87ஆவது பிரிவு தண்டத்தீர்வைக்கு, அதாவது நட்டத்தைப் பொறுப்பானவரிடம் வசூலிக்க, வழி செய்கிறது. அதிலும் நம்பிக்கை மோசடியோ வேண்டுமென்றே செய்த அசட்டையோ இருக்க வேண்டும் என்றே சொல்லப்பட்டிருக்கிறது. வெறும் பிழை போதாது. இந்தச் சொற்களின் எடையைக் கீழ்நிலை ஊழியர்களில் எத்தனை பேர் அறிந்திருக்கிறார்கள் என்பது கவலைக்குரிய விஷயம்.

பிழையா, ஒழுங்கீனமா?

இரண்டாவது நிலைப்பாடு தொழிலாளர் சட்டத்துடையது. 1946ஆம் ஆண்டின் தொழில் நிறுவன நிலையாணைச் சட்டத்தோடு வந்த மாதிரி நிலையாணைகள் ஒழுங்கீனங்களைப் பட்டியலிட்டன. பொருளுக்கு ஏற்படும் சேதம் அந்தப் பட்டியலில் ‘வேண்டுமென்றே’ என்ற அடையோடு வருகிறது. அசட்டை ‘வழக்கமான’ என்ற அடையோடு வருகிறது. அதாவது ஒரு தடவை கைதவறியது, தன்னளவில், அந்தப் பட்டியலுக்குள் எளிதில் அடங்காது. தண்டனை தரும்போது குற்றத்தின் கடுமை, முந்தைய பணி வரலாறு, தணிக்கும் சூழ்நிலைகள் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும் என்றும் அவை கூறின.

உச்ச நீதிமன்றம் 1979இல் ஜே. அகமது வழக்கில் இதை ஆழமாகப் பேசியது. 1960இல் அசாமில் நடந்த மொழிக் கலவரத்தின்போது நவ்காங் மாவட்டத்தின் பொறுப்பில் இருந்த அதிகாரி மீதான வழக்கு அது. திறமைக் குறைவும் முன்யோசனை இல்லாமையும் ஒழுங்கீனம் ஆகாது என்று நீதிமன்றம் சொன்னது. அதே தீர்ப்பு ஒரு கதவைத் திறந்தும் வைத்தது. காவலில் தூங்கிய வீரர், ஒரே தண்டவாளத்தில் இரண்டாவது ரயிலுக்குச் சிக்னல் கொடுத்தவர், தவறான முறையில் ஊசி போட்ட செவிலியர் போன்றோர் விஷயத்தில் விளைவு மிகக் கொடியதாக இருப்பதால் ஒற்றைப் பிழையும் ஒழுங்கீனமாகலாம் என்றது. இங்கேதான் சிக்கல். விளைவின் கொடுமை பெரும்பாலும் தற்செயலைப் பொறுத்தது. அதே பிழையைச் செய்து, எதிரே ரயில் வராததால் தப்பித்தவருக்கு மெமோவோடு முடிகிறது. மனத்தின் நிலையை அளவுகோலாக வைத்துத் தொடங்கிய சட்டம், பாதி வழியில் நட்டத்தின் அளவுக்கு மாறிவிடுவதை இந்தத் தீர்ப்பில் காணலாம்.

பேருந்து நடத்துநர் வழக்குகள் இன்னொரு கோணத்தைக் காட்டுகின்றன. 1977இல் அரியானா அரசு எதிர் ரத்தன் சிங் வழக்கில், துறை விசாரணைக்கு நீதிமன்றச் சாட்சிய விதிகள் அப்படியே பொருந்தா என்று உச்ச நீதிமன்றம் தீர்த்தது. டிக்கெட் கொடுக்காத தொகை சிறியது என்பதால் தண்டனை குறையாது, நம்பிக்கை போனதே முக்கியம் என்று பிந்தைய தீர்ப்புகள் பலவும் சொல்லின. நேர்மையின்மைக்கு இந்தக் கடுமை பொருந்தலாம். ஆனால் கூட்ட நெரிசலில் விடுபட்ட டிக்கெட்டையும் வேண்டுமென்று விட்ட டிக்கெட்டையும் தாளில் பிரித்தறிவது கடினம். நேர்மையானவர் அதிகம் பயப்படுவது இந்த இடத்தில்தான். பிழை திருட்டாகப் பதிவாகிவிடுமோ என்பதே அவர் அச்சம்.

சமன் செய்யும் கருவிகளும் சட்டத்தில் இருக்கின்றன. தொழில் தகராறுச் சட்டத்தில் 1971இல் சேர்க்கப்பட்ட 11ஏ பிரிவு, பணிநீக்கத்தை ரத்து செய்து குறைந்த தண்டனை தரும் அதிகாரத்தைத் தொழிலாளர் நீதிமன்றத்துக்கு வழங்கியது. 2020ஆம் ஆண்டின் தொழில் உறவுகள் தொகுப்பிலும் அத்தகைய அதிகாரம் உண்டு. மனசாட்சியை உலுக்கும் அளவுக்குத் தண்டனை இருந்தால் தலையிடலாம் என்று 1995இல் சதுர்வேதி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அலுவலகமே தவறாகக் கூடுதல் சம்பளம் கொடுத்துவிட்டு, பின்னர் அதைக் கடைநிலை ஊழியரிடமும் ஓய்வு பெற்றவரிடமும் வசூலிப்பதை 2014இல் ரஃபீக் மசி வழக்கு தடுத்தது. குறை என்னவென்றால், இவை எல்லாம் வேலை போன பிறகு, ஆண்டுக்கணக்கில் வழக்காடிய பிறகு கிடைப்பவை.

அமைப்பைப் பார்க்கச் சொல்பவர்கள்

மூன்றாவது நிலைப்பாடு விமானத் துறையிலிருந்தும் மருத்துவத்திலிருந்தும் வந்தது. 1974 டிசம்பரில் வாஷிங்டன் அருகே ஒரு விமானம் மலையில் மோதி 92 பேர் இறந்தார்கள். சில வாரங்களுக்கு முன் வேறொரு நிறுவனத்தின் விமானம் அதே இடத்தில் மயிரிழையில் தப்பியிருந்தது. அந்தச் செய்தி மற்றவர்களை எட்டவில்லை. 1976இல் நாசா நடத்தத் தொடங்கிய அறிக்கை முறை இதற்கான பதில். கருதாமல் செய்த பிழையைப் பத்து நாளுக்குள் தானே எழுதித் தெரிவிக்கும் விமானிக்கு, விபத்தோ குற்றமோ இல்லாதபோது, தண்டனையிலிருந்து விலக்கு கிடைக்கிறது. உளவியலாளர் ஜேம்ஸ் ரீசன் 1990இல் வெளியிட்ட நூலில், ஆளின் பிழை என்பது பல அடுக்குக் குறைகளின் கடைசி அடுக்கு மட்டுமே என்று வாதிட்டார். மருத்துவமனைப் பிரிவுகளை ஆராய்ந்த ஏமி எட்மண்ட்சன், நன்றாக நடத்தப்படும் பிரிவுகளில்தான் அதிகப் பிழைகள் பதிவாகின்றன என்று கண்டார். அங்கே பிழை அதிகம் என்பதைவிட, சொல்ல அச்சம் குறைவு என்பதே அவர் தந்த விளக்கம்.

இந்தியாவில் இதற்கு வலிமையான சான்று ஒடிசாவின் பாலசோர் ரயில் விபத்து. 2023 ஜூன் 2 விபத்தை விசாரித்த ரயில்வே பாதுகாப்பு ஆணையர், சிக்னல் வயரிங்கில் நேர்ந்த தவறுகளைச் சுட்டினார். 2022 மே மாதம் காரக்பூர் கோட்டத்திலேயே இதைப் போன்ற தவறு நடந்திருந்தது. அதிலிருந்து பாடம் எடுத்திருந்தால் பாலசோர் நடந்திருக்காது என்றும் எழுதினார். மூன்று சிக்னல் ஊழியர்கள் கைதானார்கள். முந்தைய ஆண்டின் தவறைப் பரப்பித் திருத்தாததற்கு யார் பொறுப்பு என்ற கேள்விக்குக் கைதுகள் விடையாக முடியாது.

இந்த நிலைப்பாட்டுக்கும் எதிர்வாதம் இருக்கிறது. எல்லாம் அமைப்பின் குறை என்றால் யாருக்குமே பொறுப்பில்லை என்றாகிவிடும், பாதிக்கப்பட்ட குடும்பம் யாரிடம் நியாயம் கேட்கும் என்பது அது. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் விஷச்சாராயத்துக்கு அறுபதுக்கும் மேற்பட்டோர் பலியானபோது, மாவட்ட ஆட்சியர் மாற்றப்பட்டார், காவல் கண்காணிப்பாளர் தற்காலிகப் பணிநீக்கம் செய்யப்பட்டார். அது கைதவறிய கணக்கல்ல, கண்காணிப்பின் தோல்வி. அங்கே பொறுப்பு மேலே தேடப்பட்டது. 1956 நவம்பரில் அரியலூரில் பாலம் அடித்துச் செல்லப்பட்டு ரயில் கவிழ்ந்தபோது அன்றைய ரயில்வே அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி பதவி விலகியதும் இதே மரபு. தன் கையால் பிழை செய்யாதவர் பொறுப்பேற்றார். கீழே இருப்பவர் கட்டும் ரெக்கவரிக்கும் மேலே இருப்பவர் ஏற்கும் தார்மீகப் பொறுப்புக்கும் நடுவே இருக்கும் அதிகாரிகளைத்தான் நம் விசாரணைகள் தொடாமல் விடுகின்றன.

உண்மை சொன்னவருக்குக் காப்பு கிடைக்கும் என்ற வாக்குறுதியும் எப்போதும் நிற்பதில்லை. அமெரிக்காவின் டென்னசியில் 2017இல் மருந்தை மாற்றிக் கொடுத்துவிட்டு அதைத் தானே ஒப்புக்கொண்ட செவிலியர், 2022இல் குற்றவாளி எனத் தீர்க்கப்பட்டார். இந்தியாவில் ஜேக்கப் மேத்யூ வழக்கில் 2005இல் உச்ச நீதிமன்றம், மருத்துவரின் கணிப்புப் பிழை தன்னளவில் குற்ற அசட்டை ஆகாது என்றது. மருத்துவருக்குக் கிடைத்த இந்தப் பகுப்பு பட்டியல் எழுத்தருக்கும் சிக்னல்காரருக்கும் எட்ட வேண்டும்.

பிழை செய்தவரின் பக்கம்

பிழை செய்தவர் படும் பாட்டைப் பற்றிய எழுத்து மிகப் பிந்தியே வந்தது. மருத்துவர் ஆல்பர்ட் வூ 2000இல், நோயாளிக்கு அடுத்தபடியாகப் பாதிக்கப்படுபவர் பிழை செய்த மருத்துவரே என்று எழுதினார். ‘இரண்டாவது பாதிக்கப்பட்டவர்’ என்ற அந்தப் பெயரை நோயாளிகளின் குடும்பங்கள் எதிர்த்தன. அந்த எதிர்ப்பு நியாயமானது. ஆயினும் தூக்கமின்மை, குற்றவுணர்வு, திரும்பத் திரும்பச் சரிபார்க்கும் பதற்றம் என்று அவர் விவரித்தவை மருத்துவமனைக்கு வெளியிலும் உண்மை.

அச்சம் முதலில் மறைக்கச் சொல்கிறது. வட்டிக்குக் கடன் வாங்கி, நகையை அடகு வைத்து, கணக்கை இரவோடு இரவாகச் சரிக்கட்டச் சொல்கிறது. சட்டத்தின் கண்ணில் பிழையை ஒழுங்கீனமாக மாற்றுவது பெரும்பாலும் இந்த இரண்டாவது செயல்தான். திருத்திய பதிவேடு, பிழையைவிடப் பெரிய சான்றாகிவிடும். ஆகவே அனுபவமுள்ள சங்கத்தார் சொல்லும் வழி ஏறக்குறைய எங்கும் ஒன்றே. குறை தெரிந்த அன்றே மேலதிகாரிக்கு எழுத்தில் தெரிவித்து நகல் வைத்துக்கொள்வது. வெற்றுத்தாளிலோ படிக்காத ஒப்புதலிலோ கையெழுத்திடாமல் இருப்பது. மெமோவுக்குக் கெடுவுக்குள் பதில் தருவது. 17பி வந்தால் ஆவணங்களின் நகலைக் கேட்டு வாங்குவது. தற்காலிகப் பணிநீக்கம் என்பது வேலை போனதாகாது. தமிழ்நாட்டில் 1981ஆம் ஆண்டுச் சட்டப்படி முதல் 90 நாளுக்குப் பாதிச் சம்பளம் பிழைப்பூதியமாக உண்டு, அதன்பின் அது முக்கால் பங்காக உயரும். மனம் தாங்காத நாள்களில் கட்டணமில்லாத 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் தமிழில் பேசலாம்.

தனி ஆள் செய்யக்கூடியவை இவை. அலுவலகம் காது கொடுக்காவிட்டால் இவற்றின் பலன் குறைவு என்பதையும் சொல்லியாக வேண்டும்.

மெமோ இல்லாத வேலைகள்

இதுவரை பார்த்த விவாதம் முழுவதும் ஒரு வேலையும் ஒரு விதியும் இருப்பதாக எடுத்துக்கொள்கிறது. பருவத்துக்கு மட்டும் அமர்த்தப்படும் கொள்முதல் ஊழியருக்கும் ஒப்பந்தத் தொழிலாளிக்கும் பணிநீக்க ஆணையே தேவைப்படுவதில்லை, அடுத்த பருவம் கூப்பிடாமல் விட்டால் போதும். கல்வராயன் மலையிலிருந்து முன்பணம் வாங்கிக்கொண்டு வெளியூர் வேலைக்குப் போகும் குடும்பங்களின் நிலை இன்னும் வேறு. அங்கே உடைந்த கருவியும் கெட்ட சரக்கும் முன்பணக் கணக்கில் ஏறக்கூடும். அப்போது அச்சம் வேலை போவதைப் பற்றியதாக இருக்காது, வேலையை விட்டுப் போக முடியாததைப் பற்றியதாக இருக்கும். 1976ஆம் ஆண்டின் கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் இந்த இடத்தில்தான் பொருந்துகிறது. பணிப் பிழை பற்றிய ஆய்வுகளில் இந்தத் தொழிலாளர்கள் அநேகமாக இல்லை.

இன்னும் திறந்திருப்பவை

நேர்மையான பிழைக்கும் அசட்டைக்கும் இடையிலான கோட்டை யார் போடுவது என்பது முதல் திறந்த கேள்வி. நட்டம் அடைந்த நிர்வாகமே விசாரணை அதிகாரியையும் நியமிக்கும்வரை அந்தக் கோடு ஒரு பக்கம் சாய வாய்ப்பு அதிகம். விளைவின் அளவுக்கு எவ்வளவு இடம் தருவது என்பது இரண்டாவது. உயிர்ச்சேதத்தில் அதைப் புறக்கணிக்கச் சொல்வது மனித இயல்புக்கு ஒவ்வாது. பணச்சேதத்தில் அதையே அளவுகோலாக்குவதற்கும் நல்ல வாதம் கிடைக்கவில்லை. தானே தெரிவிப்பவருக்குக் காப்புத் தரும் முறை விமானத்துறைக்கு வெளியே, சிறிய அலுவலகங்களில், எந்த அளவு தாங்கும் என்பதும் இனிமேல்தான் தெரிய வேண்டும். 2025இல் ரேஷன் கடைத் தராசை விற்பனை முனையத்தோடு புளூடூத் வழியே இணைத்த ஏற்பாடு எடையைத் துல்லியமாக்குகிறது. கிடங்கிலிருந்து வரும் மூட்டைக்கும் அதே துல்லியம் வராவிட்டால், குறைவு கடைக்காரர் பெயரில் இன்னும் துல்லியமாக ஏறும்.

சில விஷயங்களில் ஐயத்துக்கு இடமில்லை. காய்ந்த நெல்லின் எடைக்குறைவு எவருடைய குற்றமும் அல்ல. விளக்கம் கேட்காமல் பிடிக்கும் ரெக்கவரி, 1936 முதல் இந்நாட்டுச் சட்டம் ஏற்காத ஒன்று. கொள்முதல் நிலையப் பலகைகளில் விலையும் ஈரப்பத அளவும் எழுதப்படுகின்றன. அவற்றுக்குப் பக்கத்தில், எத்தனை நாள் தேங்கினால் எவ்வளவு எடைக்குறைவு ஏற்கப்படும், அதற்குமேல் யார் பொறுப்பு என்பதையும் எழுதி வைக்க வாணிபக் கழகமும் அரசும் அடுத்த சம்பா அறுவடைக்குள் முன்வர வேண்டும்.